ஆர்குட்டில் ஒரு அண்ணன்

அத்தியாயம் 17

வீட்டுக்குள் நுழைந்த இளவழகன் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை.

"கனி, அந்தப் போட்டோவைக் குரூப்லேர்ந்து எடு."

சனிக்கிழமை காலை ஏழு மணி. சென்னையிலிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து, அங்கே முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து, அரசங்கரை மதகடியில் இறங்கி நடந்து வந்திருக்கிறான். கார்த்திகை மழையில் தெற்குத் தெரு குழைந்து கிடந்தது. பேண்ட்டில் முழங்கால் வரை சேறு.

"வந்ததும் வராததுமா என்னடா போட்டோ? மொதல்ல காலைக் கழுவு," என்றாள் அம்சம். தீபாவளிக்கு வரச்சொல்லி நான்கு முறை போன் செய்தும் லீவு இல்லை என்று சொல்லிவிட்ட பிள்ளை. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான். அவள் சந்தோஷமாக இட்லிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

கனிமொழிக்கு எந்தப் போட்டோ என்று தெரியும். நேற்று மாலையிலிருந்து அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரிய வீட்டு ராஜகோபாலனின் மகன் விஸ்வா, ஆர்குட்டில் 'அரசங்கரை நம்ம ஊர்' என்று ஒரு கம்யூனிட்டி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்துப் பவளவிழா மலருக்கான பழைய மாணவர் பட்டியல் அதில்தான் தயாரானது. நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். தெற்குத் தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் கனிமொழி, உள்ளே சேர அனுமதி கேட்டுப் பதினாலு மாதம் காத்திருந்தாள். மறுப்பும் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. ஆவணியில் ஒரு நாள் பொறுமை போய், ஃபேஸ்புக்கில் பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே ஒரு குரூப் திறந்தாள்.

மூன்றே மாதம். அறுநூற்று நாற்பத்தொரு பேர். கூடப் படித்தவர்கள் தங்களுடன் படித்தவர்களைக் கூட்டிவந்தார்கள். ஆர்குட் கம்யூனிட்டியில் கடைசியாக விஸ்வா எழுதியிருந்த 'எல்லாரும் எங்கே போயிட்டீங்க?' என்ற கேள்விக்கு யாரும் பதில் போடவில்லை. போன வாரம் அவனே வந்து குரூப்பில் சேர அனுமதி கேட்டான். கனிமொழி ஒரே நிமிடத்தில் சேர்த்துக்கொண்டாள். எங்களுக்கு மரியாதை தெரியும் என்று காட்டுவதற்காக.

நேற்று, மஸ்கட்டில் இருக்கும் ஃபாஜில் ஒரு பழைய போட்டோவை ஏற்றினான். 1994, எட்டாம் வகுப்பு. நாகூர்க்காரரான அவன் அப்பா அந்தக் காலத்தில் அரசங்கரையில் மளிகைக்கடை வைத்திருந்தார். கீழே ஒவ்வொருவர் பெயரையும் எழுதியிருந்தான். 'மூன்றாவது வரிசை, இடமிருந்து நாலாவது இளவழகன், தெற்குத் தெரு கண்ணுசாமி மகன்.'

அதற்கடியில் விஸ்வா எழுதியது: 'இது எங்க இளா. புருவத்துத் தழும்பு அதேதான். இவன் கண்ணுசாமி மகனா?'

எங்க இளா. கனிமொழியைத் தைத்தது அந்த 'எங்க'தான்.

"போட்டோவை எடுக்கறேன்," என்றாள் இப்போது. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. பெரிய வீட்டு விஸ்வாவுக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல தெரிஞ்சவனுக்கு நீ யார் மகன்னு தெரியாதா?"

"எல்லாரும் அப்பன் பேரைக் கழுத்துல கட்டிக்கிட்டா வேலைக்குப் போறாங்க? எடுன்னா எடு."

"நீ ஆர்குட்ல அந்தக் கம்யூனிட்டியில இருந்தியா?"

இளவழகன் சுவர்ப் பக்கம் பார்த்தான். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமாக இருந்தது.

"உன் ஆர்குட்டைத் திற. நான் பாக்கணும். பாத்ததும் போட்டோவை எடுத்துடறேன்."

"அதெல்லாம் முடியாது."

"அப்ப போட்டோ இருக்கும். ஃபாஜில்கிட்ட இன்னும் ரெண்டு இருக்காம். சுதந்திர தினத்துல நீ கொடி புடிச்சுக்கிட்டு நிக்கறது."

அவன் பையைத் தரையில் எறிந்தான். மேசையில் திறந்திருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். அது அவன் போன வருஷம் புதிது வாங்கியபோது அவளுக்குக் கொடுத்த பழையது. 'எஃப்' எழுத்து தேய்ந்துபோன சாவிப்பலகை. பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, "பாரு. பாத்துத் தொலை," என்று தள்ளிவிட்டான்.

பெயர்: இளா. ஊர்: தஞ்சாவூர், மேல வீதி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய கோயில் விமானம்.

ஆர்குட்டில் அது முடியும். கோபுரத்தையோ ரோஜாப்பூவையோ முகமாக வைத்துக்கொண்டு, பாதிப் பெயரில், தான் இல்லாத தெருவில் வருஷக்கணக்கில் குடியிருக்கலாம். ஃபேஸ்புக் வந்ததும் கூடப் படித்தவன், பக்கத்துவீட்டான், மஸ்கட்டுக்காரன் எல்லோரும் ஆளைப் பார்த்துப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கனிமொழி கம்யூனிட்டிக்குள் போனாள். பதினாலு மாதம் வெளியே நின்றவள், அண்ணன் பெயரில் முதல்முறையாக உள்ளே நுழைந்தாள். இளா அங்கே வேண்டிய ஆள். 'இளா சொன்னா சரி', 'இளா மாதிரி நாலு பேர் இருந்தா ஊர் உருப்படும்.' ஒரு இடத்தில் அவனே எழுதியிருந்தான்.

'எங்க தாத்தா அரசங்கரைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். லீவுக்கு அங்கே வருவேன். அதனால்தான் இந்த ஊர்மேல் ஒரு பாசம்.'

வயலிலிருந்து திரும்பிய கண்ணுசாமி கொல்லைப்புறம் கை கழுவிவிட்டு வந்து கதவோரம் நின்றார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன பிரச்சனை?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா," என்றான் இளவழகன்.

"படிக்கறேன், கேளுங்கப்பா," என்றாள் கனிமொழி. படித்தாள்.

"யாரு தாத்தா?" என்றார் கண்ணுசாமி. "எங்கப்பனா?"

 இளவழகன் குனிந்து பேண்ட்டில் அப்பியிருந்த சேற்றை வழித்தான்.

கனிமொழி தேடிக்கொண்டே போனாள். போன வருஷம் ஆனி. விஸ்வா தொடங்கிய ஒரு பேச்சு. தலைப்பிலேயே அவள் பெயர் இருந்தது.

'கனிமொழி கண்ணுசாமின்னு ஒரு பெண் சேர அனுமதி கேட்டிருக்கு. யாருக்காவது தெரியுமா?'

ஒருவன் கேட்டிருந்தான்: 'தெற்குத் தெரு பம்புசெட் கண்ணுசாமியா?' அதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் விஸ்வா: 'இளா, உனக்கு ஊர்ல எல்லாரையும் தெரியுமே. யார் இது?'

அதன் கீழே பெரிய கோயில் விமானத்தின் பக்கத்தில் ஒரே வரி.

'தெரியாது. தெரியாதவங்களைச் சேர்க்க வேண்டாம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. பதினாலு மாதமாகப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பெரிய வீட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறாள். தாழ்ப்பாள் போட்டவன் இந்த வீட்டுச் சோற்றைத் தின்றவன்.

"தெரியாதா?" என்றாள். "என்னைத் தெரியாதா உனக்கு?"

"கனி, நீ புரிஞ்சுக்க மாட்டே."

"புரியற மாதிரி சொல்லு."

"நீ இங்க உக்காந்துக்கிட்டு சண்டை போடலாம். சாயந்தரம் ஆனா நம்ம தெரு, நம்ம சனம். நான் அங்க தெனமும் அவங்களோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறேன். அவன் எந்தத் தெருன்னு கேட்டான். மேல வீதின்னு வாயில வந்துடுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பொய் விழாம தாங்கிப் புடிக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. நீ உள்ள வந்திருந்தா ரெண்டே நாள்ல எல்லாம் வெளிய வந்திருக்கும்."

"அதுக்காக எங்களை இல்லேன்னு சொல்லிட்டே."

"தெரியாதுன்னுதான் சொன்னேன்."

கண்ணுசாமி தோள் துண்டை எடுத்து உதறினார். மகன் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்படியைப் பார்த்து, "அம்சம், அவனுக்கு இட்லியை வை. சாப்பிட்டுட்டு கெளம்பச் சொல்லு," என்றார்.

சொன்னபடி போட்டோவை எடுக்கக் கனிமொழி ஃபேஸ்புக்கைத் திறந்தாள். அந்த நேரத்தில் வாசலில் ஆள் அரவம்.

தெற்குத் தெருவுக்குள் கார் வராது. மதகோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பள்ளம் பார்த்து நடந்து வந்திருந்தான் விஸ்வா. பவளவிழாக் கமிட்டிக் கூட்டத்துக்காக ஊருக்கு வந்திருந்தவன். தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"வாங்க தம்பி," என்று கண்ணுசாமி பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

விஸ்வா உட்காரவில்லை. "இளா இருக்கானா?"

"இளவழகன் இருக்கான்."

"அவன் உங்க பையனா?"

"மூத்தவன்."

உள்ளே இளவழகன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.  கனிமொழி அவனைத் தாண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு வருஷம் என்கூடப் பழகியிருக்கான்," என்றான் விஸ்வா. குரல் உயரவில்லை. "எங்க கம்பெனிக்கு நான்தான் சிபாரிசு பண்ணேன். எங்க ஊர், தெரிஞ்ச குடும்பம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். எல்லாம் பொய்."

"அதுல பொய்யி ஒண்ணுமில்லியே தம்பி," என்றார் கண்ணுசாமி. " தெரிஞ்ச குடும்பந்தானே. எங்கப்பா உங்க வீட்டுப் பண்ணையிலதான் முப்பது வருஷம் இருந்தாரு."

"நான் அதைச் சொல்லல. என்கிட்ட மறைச்சதைச் சொல்றேன்."

"மறைக்காம கேட்டிருந்தா சேத்திருப்பீங்களா?"

"சேத்திருப்பேன்." பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சைத் தெருவே கேட்டது.

"நான் மறைக்காமத்தானே கேட்டேன்," என்றாள் கனிமொழி.

விஸ்வா அவளைப் பார்த்தான். "நீங்க யாருன்னு நான் விசாரிச்சேன். உங்க அண்ணனே தெரியாதுன்னு சொன்னான். நான் என்ன பண்ணட்டும்?"

பத்து நிமிடத்துக்கு முன் கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்கும்.  அண்ணனுக்காகத் தலைகுனிவது இதுதான் முதல்முறை. அந்த ஆத்திரமும் விஸ்வாவின்மேல்தான் திரும்பியது.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க வீட்டுக் கூடத்துல கமிட்டிக் கூட்டம். அதுக்குள்ள குரூப்பை என் பேருக்கு மாத்திடுங்க. எங்க தாத்தா குடுத்த எடத்துல நிக்கற பள்ளிக்கூடம். அதோட பேர்ல யாரோ ஒருத்தர் அறுநூறு பேரைச் சேத்து வச்சிருக்கறது சரியில்ல."

"யாரோ ஒருத்தர் இல்லீங்க. அங்க எட்டு வருஷம் படிச்சவ."

"மாத்தலேன்னா திங்கட்கிழமை ஆபீஸ்ல, எனக்கு இவனைத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடுவேன்." கதவுப் பக்கம் பார்த்து, "கேக்குதா இளா?" என்றான். பிறகு குடையை விரித்துக்கொண்டு, வந்த வழியே போனான்.

கனிமொழி உள்ளே திரும்பினாள். இளவழகன் கண் சிவந்திருந்தது.

"குடுத்துடு," என்றான்.

"மாட்டேன்."

"என் வேலை கனி. எனக்கு நடக்கறது உனக்கு வெளையாட்டா?"

"என்னைத் தெரியாதுன்னு சொன்னவனோட வேலை போனா எனக்கென்ன?"

"வாயை அடக்குடி," என்று அம்சம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஒரு பொட்டிக்குள்ள பேரைப் போட்டு வெளையாடறதுக்காகக் கூடப் பொறந்தவன் பொழப்பைக் கெடுப்பியா? அவனில்லேன்னா நீ காலேஜ் வாசலை மிதிச்சிருப்பியா? அப்ளிகேஷன் பாரம் வாங்கினவன் யாரு, கூட வந்து சேத்துவிட்டவன் யாரு?"

"அவன்தாம்மா. அதனாலதான் இன்னும் வலிக்குது."

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்று அம்சம் கணவரைப் பார்த்தாள். கண்ணுசாமி வாசல்படியில் உட்கார்ந்து, விஸ்வா போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

இளவழகன் லேப்டாப்பை மூடினான். செருகியிருந்த நெட் கார்டோடு சேர்த்துத் தன் பையில் திணித்தான்.

"என்ன பண்றே?"

"இது என்னோடது."

"அண்ணே, அதை வை."

"என்னோடதுன்னேன்ல."

அவள் பையின் வாரைப் பிடித்தாள். அவன் உதறிய வேகத்தில் அவள் தோள் கதவு நிலையில் மோதியது. அவன் ஒரு கணம் நின்றான். பிறகு ஆறிப்போன இட்லித் தட்டைத் தாண்டிக்கொண்டு வெளியேறினான். அப்பாவின் பக்கத்தில் குனிந்து செருப்பைப் போட்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மதகடியில் தஞ்சாவூர் பஸ் ஹாரன் அடித்தபோதுதான் கனிமொழிக்கு உறைத்தது. லேப்டாப்பை அவன் மூடினான். அவள் ஃபேஸ்புக் கணக்கை மூடவில்லை. குரூப்பும் அறுநூற்று நாற்பத்தொரு பேரும் திறந்தபடி அவன் பையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு தேவையில்லை. அவன் மூடியைத் திறந்தால் போதும். அழிக்கலாம், விஸ்வாவுக்கு எழுதிக் கொடுக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

"அப்பா, வண்டியை எடுங்க. அம்மாப்பேட்டை பிரவுசிங் சென்டருக்குப் போவணும்."

கண்ணுசாமி எதற்கென்று கேட்கவில்லை. சாக்குப் போட்டு மூடியிருந்த டிவிஎஸ் ஐம்பதை வெளியே தள்ளினார். அது கிளம்பப் பத்து மிதி ஆனது. வழியில் வெட்டாற்றுப் பாலத்தில் வைக்கோல் லாரி ஒன்று குறுக்கே நின்று அரைமணி நேரம் தின்றது. அம்மாப்பேட்டை போய்ச் சேரும்போது ஒன்பது அடித்து ஐந்து நிமிடம். பிரவுசிங் சென்டர் பகலவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போயிடுச்சும்மா. பன்னெண்டு மணிக்குத்தான் வரும்."

"பேட்டரி இருக்குமே சார்?"

"அது செத்து ஒரு மாசம் ஆச்சு."

மூன்று மணிநேரம். தஞ்சாவூருக்கே போய்விடலாமா என்று பார்த்தாள். பஸ் பத்தரைக்குத்தான். இங்கே காத்திருப்பதும் ஒன்று, அதில் போவதும் ஒன்று. மூடிய கடையின் தகரச் சார்ப்பில் இருவரும் ஒதுங்கினார்கள். தூறல் விழுந்து விழுந்து நின்றது. எதிரே சம்பா வயலில் நாலு பெண்கள் மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு களை எடுத்தார்கள்.

அதைப் பார்த்தபடியே கண்ணுசாமி, "எங்கப்பாவுக்கு ஒண்ணாங் கிளாஸ் வாசல்கூடத் தெரியாது," என்றார். "வாத்தியாராம்."

"அவனுக்காகப் பேசாதீங்கப்பா."

"அவனுக்காக எங்க பேசினேன். அந்த மனுஷனுக்காகப் பேசறேன். செத்து இருவது வருஷம் கழிச்சு அவருக்கு இப்புடி ஒரு உத்தியோகம்."

அவர் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அவன் அழிச்சிருப்பான்ப்பா. இல்லேன்னா விஸ்வாகிட்ட குடுத்திருப்பான்."

"இருக்கும்."

"உங்களுக்குக் கோவமே வல்லியா?"

"வந்துச்சு. அதனாலதான் சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னேன். கோவம் இல்லேன்னா இருடான்னு சொல்லியிருப்பேன்."

பன்னிரண்டு அடித்து ஏழு நிமிடத்தில் மின்விசிறி சுற்றியது. பகலவன் ஷட்டரைத் தூக்கினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்று, இணைப்பு வந்து, பக்கம் வரிவரியாக இறங்கியது. கனிமொழி முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். அவசரத்தில் இரண்டுமுறை தப்பாக அடித்தாள். பிறகு குரூப்பைத் திறந்தாள்.

குரூப் இருந்தது. எல்லோரும் இருந்தார்கள்.

நிர்வாகி என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. அவள் கணக்கிலிருந்தே, அவள் கையாலேயே செய்ததுபோல, பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு விலகியதாகப் பதிவாகியிருந்தது. விஸ்வாவின் பெயர் அங்கே இருக்கும் என்று நினைத்து மவுசை நகர்த்தினாள்.

'இளவழகன் கண்ணுசாமி.' புதிய கணக்கு. தொடங்கி மூன்று மணிநேரம் ஆகவில்லை. முகத்துக்குக் கோயில் இல்லை. லேப்டாப் கேமராவில் பஸ் ஜன்னலோரம் எடுத்த மங்கலான படம். தூக்கமில்லாத கண், புருவத்துத் தழும்பு.

1994 போட்டோவும் அப்படியே இருந்தது. விஸ்வாவின் கேள்விக்கு அடியில் ஒரு பதில் சேர்ந்திருந்தது: 'ஆமாம். கண்ணுசாமி மகன்தான். தாத்தா வாத்தியார் இல்லை.'

"என்னம்மா?" என்றார் கண்ணுசாமி, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தபடி.

அவள் படித்துச் சொன்னாள்.

"பேரை முழுசா போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான்."

கண்ணுசாமி பக்கத்து ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தில் வந்த இளக்கத்தைக் காணக் காணக் கனிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா, அவன் என் குரூப்பை எடுத்துக்கிட்டான். எனக்குச் சொல்லல, கேக்கல. பதினாலு மாசம் வெளிய நின்னது நான். ஆள் ஆளாத் தேடிச் சேத்தது நான். ஒரு பஸ் டிக்கெட் நேரத்துல அவன் மொதலாளி ஆயிட்டான். அதுக்கு நீங்க முகத்தைத் தொடச்சுக்கறீங்க."

"நீ சொல்றது சரிதாம்மா," என்றார். ஆனால் அவர் கண் திரையைவிட்டு அகலவில்லை. "இது என்ன? மேல இன்னும் ஏதோ பெரிசா இருக்கே."

அவள் பக்கத்தை மேலே நகர்த்தினாள். குரூப்பின் தலையில், எல்லோருக்கும் தெரியும்படி ஓர் அறிவிப்பு.

'நாளை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரிய வீட்டில் நடக்க இருந்த பவளவிழாக் கமிட்டிக் கூட்டம் இடம் மாற்றப்பட்டுள்ளது. புதிய இடம்: தெற்குத் தெரு, கண்ணுசாமி வீட்டு வாசல். எல்லோரும் வரவும். நானும் வருகிறேன்.'

எழுபத்தெட்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தலைமையாசிரியர் அறிவுச்செல்வன் 'பார்த்தேன்' என்று மட்டும் போட்டிருந்தார். வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. ஃபாஜில் மஸ்கட்டிலிருந்து, 'என்னால் வரமுடியாது, டீச்செலவு என்னுடையது' என்று எழுதியிருந்தான்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், நாலே நிமிடத்துக்கு முன் விஸ்வா.

'வருகிறேன். அப்பாவையும் அழைத்து வருகிறேன்.'

கனிமொழி அதைப் படித்ததும் கண்ணுசாமி எழுந்துவிட்டார். தெற்குத் தெருவில் சாவு விழுந்த நாளிலும், வெள்ளம் வந்து வீடு மூழ்கிய வருஷத்திலும் ராஜகோபாலன் மதகைத் தாண்டி வந்தது கிடையாது. ஆள்தான் அனுப்புவார்.

"பெரியவரா?" என்றார். "நம்ம வாசலுக்கா? என்னத்துக்கு வர்றாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க மவனைக் கேளுங்க."

கண்ணுசாமி வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"வாசல் பூராவும் சேறு. எரநூறு பேர் வந்தா எங்க நிப்பாங்க? இப்பவே போய் ரெண்டு வண்டி மண்ணு அடிக்கணும்மா."

"அவன் வந்து அடிக்கட்டும்," என்றாள் கனிமொழி. நாற்காலியை விட்டு அவள் அசையவில்லை. திரையில் 'இளவழகன் கண்ணுசாமி' என்ற பெயர்மேல் அம்பை வைத்து, அவனுக்குத் தனியாக ஒரு செய்தி எழுத ஆரம்பித்தாள். முதல் வரியை அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள்.

வெளியே டிவிஎஸ் ஐம்பது முதல் மிதியிலேயே கிளம்பிவிட்டது.